எண்ணூரைக் காலி செய்த கதை

காலை மெட்ரோவில் டோல்கேட் நிலையத்தைத் தாண்டியதும் தொலைபேசி அடித்தது. அலுவலகத்துத் தம்பி.

"அக்கா, எண்ணூர் விழுந்துவிட்டது."

"காசிமேடு?"

"காசிமேடு நன்றாக இருக்கிறது. ராயபுரமும் இருக்கிறது. எண்ணூரில் இருந்தவை எல்லாம் காசிமேட்டுக்குப் போய்விட்டன."

"சரி, எண்ணூரைத் தொடாதே. நான் வந்து பார்க்கிறேன்."

எதிர் இருக்கையில் துணிப்பையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் முகம் வெளிறிவிட்டது. "எண்ணூரில் என்னம்மா ஆயிற்று? என் மகள் வீடு அங்கேதான் இருக்கிறது" என்றார். அது ஒரு கணினியின் பெயர் என்று விளக்கி முடிப்பதற்குள் மண்ணடி வந்துவிட்டது. கணினிக்கு எதற்கு ஊர்ப்பெயர் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பெயர் வைத்த அன்று, அதை ரயிலில் உரக்கச் சொல்ல வேண்டிவரும் என்று நான் யோசிக்கவில்லை.

நான் வேலை செய்வது தம்புச் செட்டித் தெருவில், காளிகாம்பாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில். பழைய கட்டடம், இரண்டாம் மாடி, மெட்ராஸ் டெரஸ் கூரை. இறக்குமதியாளர்களின் சரக்குக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் வருகிறது, பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவம் எந்த நிலையில் இருக்கிறது, டிரெய்லர் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நிற்கிறதா வெளியே வந்துவிட்டதா என்பதையெல்லாம் வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொள்ள நாங்களே எழுதிய எட்டுச் சிறு நிரல்கள் இருக்கின்றன. 2023 வரை எட்டும் ஒரே இயந்திரத்தில் ஓடின. மாதக் கடைசியில் பில் அச்சிடும் நிரல் நினைவகத்தை முழுவதும் விழுங்கும். மற்ற ஏழும் அதனோடு சேர்ந்து மூச்சுத் திணறும். யாராவது போய் மின்பொத்தானை அழுத்த வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான், காலடிப்பேட்டையிலிருந்து, இரவில், ஆட்டோ பிடித்து.

எல்லாவற்றையும் கிளவுடில் வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் எப்போது பள்ளம் தோண்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இணையம் அறுந்தாலும் அலுவலகத்துக்குள் வேலை நடந்தாக வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை. அவரை நான் சார் என்பேன். அவர் என்னை அம்மா என்பார். "வெளியூர்க் கணினிக்கு மாதாமாதம் வாடகை கட்டுவதைவிட ரிச்சி தெருவில் மூன்று பழைய கணினி வாங்கு, அம்மா" என்றார். வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 16 ஜிபி நினைவகம். பரணுக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரியில் வரிசையாக வைத்து ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று பெயரிட்டேன். மேலே குபர்நெட்டீஸ்: பல கணினிகளை ஒரே கூட்டமாக, அதாவது கிளஸ்டராகச் சேர்த்து, எந்த நிரல் எதில் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது.

கூகுள் தன் உள்வேலைக்காக வைத்திருந்த போர்க் என்ற அமைப்பை நடத்தியதில் கற்ற பாடத்தைக் கொண்டு எழுதி, 2014-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. 2015 ஜூலையில் 1.0 வந்தது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். சின்னமும் ஏழு கைகளுள்ள ஒரு சுக்கான் சக்கரம்தான். துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் உட்கார்ந்துகொண்டு இதை நிறுவுவது பொருத்தம்தானே என்று அப்போது எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அப்பா அதை ஒரே மாலையில் கலைத்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

குபெஅட்ம் என்ற கருவியை வைத்து நிறுவுவது அரைமணி நேர வேலை என்பார்கள். உண்மைதான், தவறாக நிறுவவும் அதே அரைமணி நேரம்தான் ஆகும். முதல் முறை, ராயபுரத்தை மட்டும் தலைமை இயந்திரமாக வைத்துத் தொடங்கினேன். மற்ற இரண்டையும் பிறகு தலைமைக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணம். முடியாது. தொடங்கும்போதே மூன்றுக்கும் பொதுவான ஒரு முகவரியைக் கட்டுப்பாட்டு முனையாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் உருவாக்கிய கிளஸ்டரைப் பின்னால் மூன்று தலை உள்ளதாக மாற்ற குபெஅட்ம் இடம் கொடுப்பதில்லை. கையேட்டில் ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாள் வேலையைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை ஒரு மிதக்கும் முகவரி வைத்தேன். மூன்றில் எது உயிரோடு இருக்கிறதோ அது அந்த முகவரியைப் பிடித்துக்கொள்ளும். அன்று தேதி 2023 பிப்ரவரி 14. இந்தத் தேதி பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது ஸ்வாப். நினைவகம் போதாதபோது வட்டில் இடம் பிடிக்கும் அந்த ஏற்பாடு இருந்தால் குபெலெட் கிளம்பவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஒவ்வோர் இயந்திரத்திலும் உட்கார்ந்திருக்கும் ஊழியன் அதுதான். அது கிளம்பாவிட்டால் இயந்திரம் வெறும் இரும்பு. ஸ்வாப்பை அணைத்தேன், கிளம்பியது, மகிழ்ந்தேன். மறுநாள் தெருவில் மின்சாரம் போய் வந்ததும் மூன்றும் செத்துக் கிடந்தன. அன்றைக்கு மட்டும்தான் அணைத்திருந்தேன். இயந்திரம் எழும்போது படிக்கும் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கவில்லை.

காசிமேடு கொஞ்ச நாள் வேறு விதமாகப் படுத்தியது. அதில் மட்டும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். கிளஸ்டரின் கணக்குப் புத்தகம் எட்சிடி என்ற சிறு தரவுத்தளம்; மூன்று இயந்திரத்திலும் ஒவ்வொரு பிரதி. ஒவ்வொரு பதிவும் வட்டில் உண்மையாகவே எழுதப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொண்டுதான் அது அடுத்த அடி வைக்கும். மூன்றில் ஒன்று தலைவன்; அது 100 மில்லிவினாடிக்கு ஒரு முறை மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு வினாடி குரல் கேட்காவிட்டால் தலைவன் போய்விட்டான் என்று மற்றவர்கள் தேர்தல் அறிவித்துவிடுவார்கள். காசிமேடு தலைவனாக வரும்போதெல்லாம், பில் நிரல் வட்டைக் கடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் குரல் தாமதமாகும். உடனே தேர்தல். ஒரு நாளில் முப்பது நாற்பது தேர்தல். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எஸ்எஸ்டி மாற்றியதும் அடங்கிவிட்டது.

இனி அப்பா. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்ப்பவராக, இருந்தவர். சாக்கு மூட்டையும் கொக்கியுமாக இருந்த காலத்தில் சேர்ந்து, 1983-இல் அங்கே கன்டெய்னர் முனையம் வந்ததைப் பார்த்து, அதற்குப் பின்னும் பல ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சாலையில் போகிற டிரெய்லரின் பெட்டி எண்ணைப் படித்து, நான்கு எழுத்தையும் ஆறு இலக்கத்தையும் மனத்துக்குள் பெருக்கிக் கூட்டி, கடைசியில் உள்ள சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறதா என்று பார்ப்பார். எங்கள் நிரலில் அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். ஒரு பழைய டைரித் தாளில்.

அவரிடம் இதை விளக்க முயன்றேன். "யாமல் கோப்பு என்று ஒன்று எழுதுவோம். கப்பலின் சரக்குப் பட்டியலைப் போல அதற்கும் மேனிஃபெஸ்ட் என்றுதான் பெயர். இந்த நிரல் மூன்று பிரதி ஓட வேண்டும் என்று அதில் இருக்கும். கன்ட்ரோலர் என்று ஒன்று ஓயாமல் சுற்றிவந்து மேனிஃபெஸ்டில் எத்தனை, தரையில் எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்கும். உங்கள் வேலைதான் அப்பா."

"குறைந்தால்?"

"இரண்டுதான் இருந்தால் இன்னொன்றை உருவாக்கிவிடும். நான்கு இருந்தால் ஒன்றை அழித்துவிடும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "குறைந்தால் ஷார்ட் லேண்டிங் என்று எழுதுவோம். கூடினால் எக்ஸஸ் லேண்டிங் என்று எழுதுவோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு டாலி கிளார்க் வேலை முடிந்தது. கணக்குச் சரியாக வர வேண்டும் என்பதற்காகப் பெட்டியைத் தானே செய்து வைப்பவனை எங்கள் காலத்தில் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்."

அன்று சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், கிளஸ்டரில் எனக்கு வந்த தொல்லைகளில் பாதி அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அது எண்ணிக்கையைச் சரிசெய்யும். ஏன் குறைந்தது என்று கேட்காது. பில் நிரலுக்கு நான் 512 எம்பி வரம்பு வைத்திருந்தேன். மாதக் கடைசியில் அதைத் தாண்டியதும் இயங்குதளத்தின் கருவான கர்னல் அதைக் கொன்றுவிடும். வெளியேறும் எண் 137. அதாவது 128-உம் கொலைச் சமிக்ஞையின் எண்ணான 9-உம். உடனே மறுபடி எழுப்பப்படும், மறுபடி தாண்டும், மறுபடி சாகும். ஒவ்வொரு முறையும் பத்து வினாடி, இருபது, நாற்பது என்று இடைவெளி இரட்டித்து ஐந்து நிமிடத்தில் நிற்கும். தம்பி இரண்டு நாள் கவனிக்கவில்லை. ஏனென்றால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது! மறு எழுச்சிகளின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியிருந்ததை நான்தான் பார்த்தேன். அப்போதிலிருந்து காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான். ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை முறை விழுந்து எழுந்தது என்பது முதல் கேள்வி.

மெட்ரோவில் வந்த அந்தத் தொலைபேசிக்குக் காரணம் எலி. மண்ணடியின் எலிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். எண்ணூரின் நெட்வொர்க் கம்பியைப் பரண் ஓரத்தில் சீராகக் கடித்துத் துண்டித்திருந்தது. கணினி உயிரோடுதான் இருந்தது. அதன் நிரல்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. குரல்தான் வெளியே வரவில்லை. அப்போதிருந்த பதிப்பில், நாற்பது வினாடி குரல் வராவிட்டால் தலைமை அந்த இயந்திரத்தைத் தயாராக இல்லை என்று குறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்த பாட்களுக்கு, அதாவது ஓடும் நிரல் பிரதிகளுக்கு, பதிலாக வேறிடத்தில் புதியவற்றை எழுப்பும். ஆயிரம் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை சரி. ஒரே பிரதியாக ஓடும் எங்கள் டிரெய்லர் நிரலுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஜீரோ கேட்டிலிருந்து ஐந்து பேர் தொலைபேசியில் கத்திவிடுவார்கள். அதற்கு மட்டும் முப்பது வினாடியாகக் குறைத்தேன்.

கம்பியை மாற்றி எண்ணூர் திரும்பி வந்த பிறகும் அது காலியாகவே இருந்தது. போனவை திரும்பி வருவதில்லை. யாரும் அவற்றைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. புதிதாக ஒரு பாட் பிறக்கும்போதுதான் எங்கே இடம் என்ற கேள்வியே எழும். காசிமேடு நெரிசலில் திணற, எண்ணூர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. நிரல்களை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கவைத்துப் பரப்பினேன். எலிக்கு என்ன செய்தோம் என்றால், கம்பிகளை எல்லாம் பிவிசி குழாய்க்குள் விட்டோம். குபர்நெட்டீஸ் கையேட்டில் இது இல்லை.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். வடசென்னையில் அந்த வாரத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவரவர் கதை இருக்கும். எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீரும் இருட்டும்தான். அலுவலகத்து யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும். அதற்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, "கப்பலையே வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். நீ மூன்று பெட்டிக்காக ஏன் இப்படி இருக்கிறாய்?" என்றார்.

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். ராயபுரம் எழுந்தது. காசிமேடு எழுந்தது, ஆனால் அதன் எட்சிடிக் கோப்பு பாதி எழுதிய நிலையில் கெட்டுப்போயிருந்தது. எண்ணூர் பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு வெடிச் சத்தமும் கருகல் வாடையும், உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது.

மூன்றில் ஒன்று. இங்கேதான் பெரும்பான்மைக் கணக்கு வருகிறது. எட்சிடியில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தால்தான் எதையும் எழுத முடியும். மூன்று பேரில் இருவர் வேண்டும். ராயபுரம் தனியாக உட்கார்ந்துகொண்டு, தன்னிடம் கணக்குப் புத்தகம் முழுதாக இருந்தும், எனக்கு அதிகாரம் இல்லை என்று கைகட்டி நின்றது. மின்சாரம் போகாமல் வெறும் தலைமை மட்டும் போயிருந்தால் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பாட்டுக்கு ஓடியிருக்கும். அணைந்து எழுந்த இயந்திரத்துக்கு எதை ஓட்ட வேண்டும் என்று தலைமைதான் சொல்ல வேண்டும். தலைமைக்கோ வாய் அடைத்திருந்தது. கீழே வாடிக்கையாளர்கள் வந்து நிற்கிறார்கள். புயலுக்குப் பிந்தைய நெரிசலில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கணக்குப் புத்தகத்தின் நகலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம். எங்கே வைத்தேன் தெரியுமா? எண்ணூரில்.

முதலில் செய்த வேலை, ராயபுரத்தின் எட்சிடி அடைவு முழுவதையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்தது. கை நடுங்கும் நேரத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. பிறகு, ஃபோர்ஸ் நியூ கிளஸ்டர் என்று ஒரு கொடி, அதாவது தொடங்கும்போது கொடுக்கும் ஒரு கட்டளைக் குறிப்பு, இருக்கிறது. மற்ற இருவரையும் மறந்துவிடு, நீ மட்டும்தான் இனி சபை என்று எட்சிடிக்குச் சொல்வது. அதன் தொடக்கக் கோப்பில் அந்த வரியைச் சேர்த்துக் காத்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். எழுந்தது. பாட்களின் பட்டியல் திரையில் வந்தபோது தம்பி கைதட்டினான். நான் அந்த வரியை உடனே நீக்கினேன். நீக்க மறந்தால் அடுத்த முறை எழும்போது, புதிதாகச் சேர்ந்தவர்களையும் மறந்துவிடும்.

காசிமேட்டில்தான் தரவுத்தளம் இருந்தது, அந்த இயந்திரத்தின் வட்டோடு கட்டிப்போட்ட நிலையில். வேறு எங்கும் அது எழாது; வட்டு எங்கேயோ அங்கேதான் பாட். ஆகவே காசிமேட்டை ரீசெட் செய்து, அதே பெயரில் மறுபடி சேர்க்க வேண்டும். ரீசெட் என்ற சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு, தரவு இருக்கும் அடைவை அது தொடாது என்று கையேட்டில் மூன்று முறை படித்தும், என்டர் அழுத்தாமல் காளிகாம்பாளைக் கும்பிட்டேன். ஜன்னலிலிருந்து கோபுரம் தெரியும். சேர்வதற்கான சாவியின் ஆயுள் இரண்டு மணி நேரம். டீ குடிக்கப் போய் அதைத் தவறவிட்டு மறுபடி எடுத்தேன். மாலை நான்கு மணிக்கு முதல் வாடிக்கையாளர் தன் பெட்டியைத் திரையில் பார்த்தார்.

எண்ணூருக்கு எஸ்எம்பிஎஸ் கிடைக்கச் சனிக்கிழமை ஆனது. நடுவில் மூன்று நாள் இருவரோடு ஓட்டினோம். இருவர் என்றால் ஒருவரைவிடப் பாதுகாப்பு என்று தோன்றும். இல்லை. இருவரில் பாதிக்கு மேல் என்றால் இருவருமே வேண்டும். எவர் விழுந்தாலும் சபை கலையும். ஆபத்து இரட்டிப்புதான். சார் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நாலாவது ஒன்று வாங்கிவிடலாமே, அம்மா. காசைப் பற்றிக் கவலைப்படாதே" என்றார். நாலு பேரில் பெரும்பான்மை மூன்று. ஆக, நாலு இருந்தாலும் ஒருவர்தான் விழலாம். மூன்று இருந்தாலும் ஒருவர்தான் விழலாம். இரண்டு பேர் விழுந்தும் தாங்க வேண்டுமானால் ஐந்து வேண்டும். அவருக்குப் புரியவில்லை. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "சங்கக் கமிட்டியில் எப்போதும் ஒற்றைப்படைதான் வைப்போம். நாலு பேர் வைத்தால் இரண்டுக்கு இரண்டு என்று நின்று, வேலைநிறுத்தம் உண்டா இல்லையா என்று தெரியாமல் விடிந்துவிடும்" என்றார். அரை வினாடியில்.

புயலுக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். நகல்கள் இப்போது அலுவலகத்துக்கு வெளியே, என் வீட்டு அலமாரியில் உள்ள ஒரு சிறு கணினிக்குத் தினமும் வந்துவிடுகின்றன. மாதம் ஒரு முறை அவற்றில் ஒன்றை எடுத்து வேறோர் இயந்திரத்தில் எழுப்பிப் பார்க்கிறேன். தரவுத்தளத்தைக் கிளஸ்டரிலிருந்தே வெளியே எடுத்து, தனி இயந்திரத்தில், தனி யுபிஎஸ்ஸோடு வைத்துவிட்டேன். எல்லாம் கிளஸ்டருக்குள் இருக்க வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அலுவலகத்தில் வட்டுகளைப் பார்த்துக்கொள்ளவே நான்கு பேர் இருக்கிறார்கள். இங்கே நானும் தம்பியும்தான்.

2024 பிப்ரவரி 14 காலையில் என் மடிக்கணினியிலிருந்து கிளஸ்டருக்குள் போக முடியவில்லை. உனக்கு அனுமதி இல்லை என்று ஒரே பதில். தம்பியின் கணினியில் வேலை செய்தது. அவன், "அக்கா, உங்களை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா?" என்றான். உள்ளே வருபவரை அடையாளம் காண குபெஅட்ம் தரும் சான்றிதழ்களுக்கு ஓர் ஆண்டுதான் ஆயுள். வேர்ச் சான்றிதழுக்குப் பத்தாண்டு. அதன் கீழ் உள்ளவை 365 நாளில் காலாவதி. காசிமேடும் எண்ணூரும் டிசம்பரில் புதிதாகச் சேர்ந்ததால் புதுச் சான்றிதழோடு இருந்தன. தம்பியின் சாவி அப்போது காசிமேட்டிலிருந்து எடுத்தது. என்னுடையது ராயபுரத்திலிருந்து, முதல் நாளில் எடுத்தது. மூன்றில் ஒன்று மட்டும் காலாவதியானதால் பிழை சில இடத்தில் மட்டும் தலைகாட்டியது; மூன்றும் ஒன்றாகச் செத்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன், இதற்கு மதியம் ஆகிவிட்டது. ராயபுரத்தில் புதுப்பித்து, தலைமை நிரல்களை நிறுத்தி எழுப்பி, என் சாவியையும் மாற்றினேன். சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் நவம்பர் தாள்களைத் தூக்கிப் பிடித்து ஒரு தாளில் "சான்றிதழ்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

பதிப்பை உயர்த்தியிருந்தால் சான்றிதழ்கள் தாமாகவே புதுப்பிக்கப்பட்டிருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது. ஓர் ஆண்டாக 1.26-லேயே இருந்தேன். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய பதினான்கு மாதம்தான் ஆதரவு, 1.26-க்கு அந்தப் பிப்ரவரியோடு முடிந்தது. மார்ச்சில் உயர்த்த உட்கார்ந்தால், மென்பொருள் எடுக்கும் பழைய களஞ்சியமே அங்கே இல்லை. முந்தைய செப்டம்பரிலேயே அதை உறையவைத்துவிட்டு வேறு முகவரிக்குப் போய்விட்டார்கள். அறிவிப்பைப் படிக்காதது என் தவறு. புதிய இடத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி முகவரி. தாவவும் முடியாது, 1.27, 1.28, 1.29 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். மூன்று சனிக்கிழமை.

ஒவ்வோர் இயந்திரத்தையும் முதலில் காலி செய்ய வேண்டும். பாட்களை வெளியேற்றி, உயர்த்தி, மறுபடி திறந்துவிட வேண்டும். முதல் சனிக்கிழமை எண்ணூர் காலியாகவே மறுத்தது. சுங்கப் படிவ நிரலுக்கு இரண்டு பிரதி, எப்போதும் இரண்டும் ஓட வேண்டும் என்று நானே ஒரு விதி எழுதிவைத்திருந்தேன். இரண்டில் ஒன்றையும் எடுக்கக் கூடாது என்றால் எப்படிக் காலி செய்வது? அது என் விதிக்குக் கட்டுப்பட்டு நாற்பது நிமிடம் பணிவோடு காத்திருந்தது. பிரதியை மூன்றாக்கியதும் நகர்ந்தது. வீட்டிலிருந்தபடியே இதைச் செய்துகொண்டு தம்பியிடம், "எண்ணூரைக் காலி செய்துவிட்டேன், அடுத்து காசிமேடு" என்று சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டிருக்கிறது. அப்பா அங்கிருந்தே, "ராயபுரத்தை மட்டும் விட்டுவை, என் பென்ஷன் வங்கி அங்கேதான் இருக்கிறது" என்றார்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயர்த்துகிறேன். மூன்று பழைய கணினிக்கு இவ்வளவு பெரிய இயந்திரச் சாலை தேவையா என்று கேட்டால், முதல் ஓராண்டில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரே இயந்திரமும் ஒரு நல்ல நகலும் போதும் என்று இப்போதும் பலருக்கு அறிவுரை சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் இரவில் ஆட்டோ பிடித்தது ஒரே ஒரு முறை. அதுவும் யுபிஎஸ் பேட்டரிக்காக.

சார் மட்டும் விடவில்லை. நாலாவது கணினியை அவரே ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். பெயரும் அவரே சொன்னார்: மாதவரம், அவர் வீடு இருக்கும் இடம். வேலை செய்யும் இயந்திரமாக மட்டும் அதைச் சேர்த்தேன்; எட்சிடிச் சபையில் சேர்க்கவில்லை. வாரம் ஒரு முறை அறைக்குள் வந்து, "என் மாதவரம் எப்படி, அம்மா?" என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறது என்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஓட்டு இல்லை என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.